ஆற்று நீரை ஊர்மக்களே அளக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு ஆகியவற்றின் கரையிலும் அவற்றில் வந்து சேரும் கால்வாய்களின் ஓரத்திலும் வசிக்கும் வாசகர்கள், ஆற்று நீரின் தரத்தைத் தாங்களே கண்காணிப்பது குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கூவம் சாக்கடையாகிவிட்டது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அரசே அதை அளந்து அறிக்கையும் வெளியிட்டுவிட்டது. இதற்கு மேல் நாங்கள் வாளியில் கயிறு கட்டி இறக்கி அளந்து என்ன ஆகப்போகிறது?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் வெளியிட்ட அறிக்கையை என்று எடுத்துக்கொள்கிறேன். நாடு முழுவதும் மாசடைந்தவை என்று அது பட்டியலிட்ட 311 ஆற்றுப் பகுதிகளில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில்தான் பி.ஓ.டி. மிக அதிகமாக, லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று பதிவாகியிருந்தது. நீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதைக் காட்டும் அளவு அது. மக்கள் இறங்கிக் குளிக்கத்தக்க ஆற்றில் அது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அந்த 345 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் எந்தக் குழாயை அடைப்பார்? அந்த எண் ஆற்றின் நிலையைச் சொல்லும்; கழிவு எந்த வாய்க்கால் வழியாக, எந்த நேரத்தில், எவ்வளவு இறங்குகிறது என்பதைச் சொல்லாது. அரசின் அளவீட்டு நிலையங்கள் குறிப்பிட்ட சில இடங்களில், பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை, பகல் நேரத்தில் மாதிரி எடுக்கின்றன. நள்ளிரவில் பாலத்தடியில் வந்து கழிவைத் திறந்துவிட்டுப் போகும் லாரி அந்தக் கணக்கில் வராது. ஆனால், அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு லாரி வரும் நேரமும் தெரியும், அது நிற்கும் இடமும் தெரியும்.

ஊர்மக்களின் அளவீடு செய்ய வேண்டிய வேலை இதுதான். ஆறு கெட்டுவிட்டது என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டியதில்லை. அறுபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓர் ஆற்றில் கெடுதல் நுழையும் வாயை, ஐம்பது மீட்டர் தூரத்துக்குள் குறுக்கிச் சுட்டிக்காட்ட வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே முறையில், விடாமல் அளந்து எழுதிவைக்கும் நாலைந்து பேர் போதும்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் இதற்கென ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. என்ன கருவிகள் வாங்கலாம்? இணையத்தில் ஒரே பேனாவில் ஏழெட்டு அளவுகளைக் காட்டும் கருவிகள் விற்கிறார்களே?
– செயலாளர், கோட்டூர்புரம்

பதில்: ஒரே பேனாவில் எல்லாவற்றையும் காட்டும் மலிவான கருவிகளை வாங்க வேண்டாம். அவற்றில் கரைந்த ஆக்சிஜனுக்கென்று காட்டப்படும் எண்ணை நம்புவதற்கில்லை. உங்கள் தொகைக்குள் அடங்கும் நல்ல பொருள்கள் சில இருக்கின்றன.

முதலாவது, மின்கடத்துதிறனைக் காட்டும் மீட்டர். நீரில் கரைந்த உப்பு கூடக் கூட அந்தத் திறனும் கூடும். குடிதண்ணீர் பார்ப்பதற்காகப் பல வீடுகளில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் செய்வதும் இதே வேலைதான். மின்கடத்துதிறனை அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. அந்தக் காரணி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், நேரடியாக மின்கடத்துதிறனையே காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். கூடவே, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கு, 1413 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) என்று அளவு முன்பே தெரிந்த திட்டக் கரைசல் ஒரு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஆற்றுக்குப் போவதற்கு முன்பும் மீட்டரை அதில் நனைத்து, அது காட்டும் எண்ணைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத குறிப்பேட்டை எந்த அதிகாரியும் ஓரமாக ஒதுக்கிவிடலாம். இருந்தால் அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

இரண்டாவது, அம்மோனியாவைக் காட்டும் சொட்டுக் கருவிப்பெட்டி. இதற்கு அலைய வேண்டியதில்லை. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் மீன்தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் பெட்டியே போதும். சோதனைக் குழாயில் நீரை எடுத்துச் சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடம் கழித்து, உண்டாகும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நம் ஆறுகளில் இந்த நிறம் பெரும்பாலும் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிவிடும். நல்ல ஆற்று நீரில் அம்மோனியாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்; புதிய வீட்டுக் கழிவுநீரிலோ லிட்டருக்கு 20 முதல் 50 மில்லிகிராம் வரைகூட இருக்கும். மீன்தொட்டிக்காகத் தயாரித்த அட்டை அவ்வளவு தூரம் போகாது. ஆகவே ஒரு பங்கு ஆற்று நீருடன் ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துச் சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரை முதலில் தனியாகச் சோதித்து, அதில் அம்மோனியா இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. கடல்நீர் கலக்கும் இடத்தில், பெட்டியில் கடல்நீருக்கென்று தனி அட்டை இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு சாதாரண வெப்பமானி. நான்காவது, ஒளி புகும் நீண்ட குழாய் ஒன்று. அதன் அடியில் கறுப்பு வெள்ளைக் குறியிட்டு, குறி மறையும்வரை நீரை ஊற்றி, அந்த உயரத்தை அளந்தால் நீரின் கலங்கல் தெரிந்துவிடும். இதை நீங்களே செய்துகொள்ளலாம்.

கரைந்த ஆக்சிஜனை மட்டும் அருகில் உள்ள கல்லூரி வேதியியல் துறையின் துணையோடு, விங்க்ளர் முறையில் செய்யுங்கள். அந்தச் சோதனையை ஒருமுறையேனும் நேரில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். குமிழி ஒன்றுகூடச் சிக்காமல் நிரப்பிய கண்ணாடிப் புட்டியில் மாங்கனீஸ் கரைசலையும் பிறகு காரக் கரைசலையும் விட்டதும், நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் படியும். ஆக்சிஜன் இல்லையென்றால் வண்டல் வெள்ளையாகவே நின்றுவிடும். நகரத்துக்குள் ஓடும் கூவத்தின் நீரை அப்படிச் சோதித்து, வெள்ளை வண்டல் அசையாமல் அடியில் இறங்குவதைப் பார்த்தவருக்கு அதன்பின் விளக்கம் தேவைப்படாது. காரக் கரைசலில் சேர்க்கப்படும் அசைடு உப்பு கொடிய நஞ்சு. ஆகவே வீட்டில் வைத்து இதைச் செய்யக் கூடாது.

கேள்வி: ஒரே இடத்தில், ஒரே மீட்டரால் அளக்கிறேன். காலையில் ஓர் எண் வருகிறது. மாலையில் அதைப்போல் பல மடங்கு காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?
– வாசகர், சைதாப்பேட்டை

பதில்: திட்டக் கரைசலில் சரியாகக் காட்டுகிறது என்றால் மீட்டர் கெடவில்லை. நீங்கள் கடலை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

கடல்நீரின் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமென்ஸ். அடையாறு கடலில் கலக்கும் இடம் சமதரை. முகத்துவாரம் திறந்திருக்கும் நாள்களில், கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் நெடுந்தூரம் ஏறி வருகிறது. உப்புநீர் கனமானது என்பதால் அடியில் புகுந்து வரும். மேற்பரப்பில் எடுத்த வாளி ஓர் எண்ணும் சற்று ஆழத்தில் எடுத்த வாளி வேறோர் எண்ணும் காட்டுவதற்கு அதுவே காரணம். கோடையில் மணல்திட்டு வளர்ந்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் இந்த ஏற்ற வற்றம் குறைந்து, ஆறு தேங்கிய குளமாகிவிடும். அப்போது எடுத்த எண்களைத் திறந்திருந்த காலத்து எண்களோடு ஒப்பிடக் கூடாது.

ஆகவே சைதாப்பேட்டைக்குக் கீழே எங்கே அளந்தாலும், கடல்மட்டம் தாழும் வற்றம் முடியும் தறுவாயில், ஆற்று நீர் கடலை நோக்கி ஓடும் நேரத்தில் எடுங்கள். வற்றத்தின் நேரம் நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், 'ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணி' என்ற ஒழுங்கு இங்கே உதவாது. நாள்காட்டியைவிட, அருகில் வலை வீசும் மீனவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக்சிஜனை அளப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு குறிப்பு. பாசி மண்டிய நீரில் பகலில் ஆக்சிஜன் ஏறும், இரவெல்லாம் இறங்கும். விடிவதற்குச் சற்று முன்னே மிகக் குறைவாக இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு அளந்துவிட்டு ஆறு தேறிவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

கேள்வி: அனகாபுத்தூரில் முப்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். இந்தப் பக்கம் ஆற்றில் கலப்பது வீட்டுக் கழிவு மட்டும்தானா, தோல் தொழிற்சாலைக் கழிவும் உண்டா என்பதை எங்களால் பிரித்தறிய முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, அனகாபுத்தூர்

பதில்: ஓரளவுக்கு முடியும், அம்மா. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரம் தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுநாளாகவே பெயர் பெற்றது. தோலைப் பதப்படுத்த உப்பு ஏராளமாகப் பயன்படுகிறது. ஆகையால் அந்தக் கழிவில் மின்கடத்துதிறன் வீட்டுக் கழிவில் இருப்பதைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும். அனகாபுத்தூர்வரை ஏற்றம் வராது என்பதால் கடல்நீர்க் குழப்பமும் உங்களுக்கு இல்லை. அம்மோனியா உயர்ந்து மின்கடத்துதிறன் கொஞ்சமே உயர்ந்திருந்தால் வீட்டுக் கழிவு என்று ஐயப்படலாம். மின்கடத்துதிறன் திடீரென்று எகிறினால் வேறு ஏதோ கலக்கிறது என்று பொருள். அது தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்தானா என்பதை ஆய்வகம் மட்டுமே சொல்ல முடியும். சொட்டு மருந்துப் பெட்டியை வைத்து நீங்கள் அறிவிக்க வேண்டாம்.

அளக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஒரு வாய்க்கால் ஆற்றில் சேருகிறது என்றால் மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். சேருமிடத்துக்கு மேலே, வாய்க்கால் நீர் எட்டாத தூரத்தில் ஒன்று, வாய்க்காலுக்குள்ளேயே ஒன்று, சேர்ந்தபின் இரண்டு நீரும் நன்றாகக் கலந்துவிட்ட தூரத்தில் ஒன்று. சேர்ந்த இடத்திலேயே எடுத்தால், ஒரு கரையோரம் மட்டும் வாய்க்கால் நீர் தனிப்பட்டையாக ஓடும். எந்தப் பக்கம் வாளியைப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். மேலே உள்ள மாதிரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் மற்ற இரண்டையும் வைத்து யாரையும் குறை சொல்ல இயலாது. அந்தக் கெடுதல் மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கமிருந்தே வந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடலாம், அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

மழையில்லாத நாள்களில் அளக்கத் தொடங்குங்கள். செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேருவதால், ஏரி திறந்திருக்கும் நாள்களை எல்லாம் குறிப்பேட்டில் தனியாகக் குறித்துவையுங்கள். அந்த நாள்களில் எல்லா எண்களும் அழகாகத் தெரியும். கழிவு நின்றுவிட்டதாக ஆகிவிடாது.

கேள்வி: எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டியிருக்கிறார்கள். மே மாத வெயிலிலும் அதில் நீர் ஓடுகிறது. யாரோ கழிவுநீர்க் குழாயை இணைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், "ஏ.சி. தண்ணீராக இருக்கும், மோட்டார் கசிவாக இருக்கும்" என்று பதில் வருகிறது. எப்படிக் காட்டுவது?
– இல்லத்தரசி, விருகம்பாக்கம்

பதில்: மழை பெய்யாத நாளில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடுகிறது என்பதே ஒரு கண்டுபிடிப்பு. அதைத் தேதியிட்டு எழுதத் தொடங்குங்கள். அது எந்த நீர் என்று காட்ட, செலவில்லாத ஒரு முறையை விரிவாகவே சொல்கிறேன். சென்னையின் வடிகால்களுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

துணி வெளுப்பாகத் தெரிவதற்காகச் சலவைத்தூளில் ஒளிரும் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது ஏ.சி. தண்ணீரிலோ மழைநீரிலோ நிலத்தடி நீரிலோ இயல்பாக இருக்காது. பஞ்சில் அது நன்றாக ஒட்டிக்கொள்ளும். புற ஊதா ஒளியில் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் யு.வி. டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பஞ்சை முதலில் இருட்டறையில் அந்த டார்ச்சால் பாருங்கள். ஏற்கெனவே ஒளிர்ந்தால் அந்தப் பஞ்சு ஆகாது. ஒளிராத பஞ்சைக் கையுறை போட்டு எடுத்து, வெங்காயம் கட்டிவரும் வலைப்பை போன்ற ஒன்றில் வைத்து, தூண்டில் நரம்பால் கட்டி, வடிகால் ஆற்றிலோ கால்வாயிலோ திறக்கும் வாயில் நீருக்குள் அமிழ்ந்திருக்கும்படி நாலைந்து நாள் விட்டுவையுங்கள். வெயில் நேரே படும் இடம் வேண்டாம். அந்தப் பொருள் வெயிலில் சிதைந்துவிடும். பிறகு எடுத்து, நல்ல தண்ணீரில் சேறு போக அலசி, இருட்டில் உலர்த்தி, ஆற்றைக் காணாத இன்னொரு பஞ்சுத் துண்டின் அருகில் வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். படம் எடுக்கும்போதும் இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

பஞ்சு ஒளிர்ந்தால், சலவைநீர் கலக்கிறது என்பது உறுதி. ஒளிராவிட்டால் கழிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, கழிப்பறைக் கழிவு மட்டும் வரும் குழாயில் பஞ்சு ஒளிராமல் போகலாம். அதற்கு அம்மோனியாச் சோதனையைச் சேர்த்துச் செய்யுங்கள். இரண்டிலும் விடை கிடைத்தபின் வடிகாலின் மேற்பக்கமாகத் திறந்த இடங்களில் ஒவ்வொன்றாகப் பஞ்சு கட்டிக்கொண்டு போனால், எந்தத் தெருவோடு ஒளிர்வு நின்றுபோகிறது என்பது தெரிந்துவிடும். திறந்த இடங்களில் மட்டும் என்று நான் சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். மூடியைப் பெயர்த்து உள்ளே குனிந்து பார்ப்பதோ இறங்குவதோ எக்காரணம் கொண்டும் வேண்டாம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அப்படி எத்தனையோ தொழிலாளர்களை இந்த நகரம் பலிகொடுத்திருக்கிறது.

கேள்வி: பட்டினப்பாக்கம் கடற்கரையில் மழைக்காலத்தில் சோப்பு நுரைபோல் ஒதுங்குகிறது. பிள்ளைகள் அதில் விளையாடலாமா?
– வாசகி, பட்டினப்பாக்கம்

பதில்: கூடாது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரிலுள்ள சலவைப் பொருளும் கரிமக் கழிவும் மழை வெள்ளத்தோடு கடலுக்கு வந்து, அலையில் அடிபட்டு நுரைக்கின்றன. 2019 டிசம்பரில் மெரினாவிலும் இதைப் பார்த்தோம். நுரை ஒதுங்கும் தேதியையும், அதற்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் மழை பெய்தது என்பதையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: மழை வந்தால் ஆறு சுத்தமாக வேண்டும். ஆனால், முதல் மழைக்கு மறுநாள்தானே அடையாற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன?
– கல்லூரி மாணவர், அடையாறு

பதில்: கோடை முழுவதும் கால்வாய்களிலும் வடிகால்களிலும் படிந்துகிடந்த கறுப்புச் சேற்றை முதல் மழை கிளறி எடுத்து, ஒரேயடியாக ஆற்றில் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தச் சேறு நீரிலிருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் அதிகபட்சமாகவே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். மீன்வளத்துக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்று மத்திய வாரியத்தின் தர வகைப்பாடு சொல்கிறது. இடைவெளி அவ்வளவு குறைவு. சேற்றிலிருந்து வெளிப்படும் சல்பைடும் அம்மோனியாவும் சேர்ந்துகொண்டால், குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும் ஜிலேபி மீன்கூடப் பிழைக்காது.

அளப்பவர்களுக்கு இது ஆண்டிலேயே முக்கியமான நாள். மழை தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுக்கும் மாதிரிக்கு ஈடு கிடையாது. எந்த அலுவலகத்திலிருந்தும் அந்த நேரத்துக்குள் ஆள் வந்து சேர முடியாது. கரையில் குடியிருப்பவரால் முடியும். மீன்கள் வாயை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டித் திணறத் தொடங்கிய நேரம், அவை முதலில் தென்பட்ட இடம், அப்போது வெளியேறிக்கொண்டிருந்த வாய்க்கால் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடான இடத்தில், பாலத்தின் மேலிருந்து எடுங்கள். வெள்ளம் ஏறும் ஆற்றின் கரையில் இறங்கக் கூடாது என்பதை 2015 டிசம்பரைப் பார்த்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்களிடம் மீட்டரும் கிடையாது, மருந்தும் கிடையாது. கழிமுகத்தில் நாற்பது வருடமாகத் தொழில் செய்கிறோம். தண்ணீர் சூடாக இருக்கிறது, சாம்பல் படிகிறது, இறால் குறைந்துவிட்டது என்று நாங்கள் சொன்னால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.
– மீனவர், காட்டுக்குப்பம், எண்ணூர்

பதில்: ஐயா, தங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கருவிக்கும் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது, அதைப் படகின் மீதும் வலையின் மீதும் முதலில் கண்டவர்கள் மீனவர்களே. நீங்கள் சொல்வது கணக்கில் ஏறாமல் போவதற்கு ஒரே காரணம், அது தேதியோடு எழுதப்படாததுதான் என்று நினைக்கிறேன். அதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளே சரிசெய்துவிடலாம்.

எல்லாக் கருவிகளிலும் விலை குறைந்தது வெப்பமானி. உங்கள் பகுதிக்கு அதுவே பெரிய கருவி. 1999க்குப் பிறகு வந்த கடலோர அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் குளிர்விப்பு நீர், அது சேரும் நீர்நிலையின் இயல்பான வெப்பத்தைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. வெந்நீர் வந்து சேரும் பக்கம் ஒன்றும், அது எட்டாத தொலைவில் ஒன்றுமாக, ஒரே அரைமணி நேரத்துக்குள் இரண்டு இடங்களில் வெப்பத்தைப் பார்த்து எழுதுங்கள். அதன் கூடவே அன்றைக்கு வலை போட்ட நேரம், கிடைத்த இறால், நண்டு, மடவை எத்தனை கிலோ, வலையில் ஒட்டிய சேற்றின் நிறம், ஏற்றமா வற்றமா என்பதையும் எழுதிவிடுங்கள். ஒரு பருவம் முழுவதும் இப்படி எழுதிய நோட்டு, வெளியூரிலிருந்து வந்து ஒருநாள் மாதிரி எடுத்துப் போகும் எந்த ஆய்வுக்கும் சளைத்ததன்று.

கேள்வி: எங்கள் பள்ளியின் பசுமைப் படை மாணவர்களை அடையாற்றுக்கு அழைத்துப்போய் அளக்கச் சொல்லலாமா?
– ஆசிரியர், தாம்பரம்

பதில்: நகரத்துக்குள் ஓடும் ஆற்றுக்கு வேண்டாம். எலிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பெரியவர்களுக்கே ஆபத்து. பெரியவர்கள் பாலத்தின் மேலிருந்து வாளியால் எடுத்துவரும் நீரைப் பள்ளியில் வைத்துக் கையுறையோடு சோதிக்கலாம். உங்கள் பகுதியில் ஏரிகளுக்குக் குறைவில்லை; அவற்றின் கரையோரம் மாணவர்கள் வலைக்கரண்டியால் அரித்து என்னென்ன பூச்சிகள் கிடைக்கின்றன என்று பார்க்கட்டும். தும்பியின் இளம்புழுக்கள் பலவகையாகக் கிடைத்தால் நீர் பரவாயில்லை; சேற்றில் செம்புழுக்கள் மட்டும் நெளிந்தால் கழிவு சேருகிறது என்று ஊகிக்கலாம். பிள்ளைகள் மீட்டரைவிட இதை ஆர்வத்தோடு செய்வார்கள்.

கேள்வி: இப்படி நாங்களே எடுத்த அளவீடு நீதிமன்றத்தில் செல்லுமா? செல்லாதென்றால் இத்தனை பாடு எதற்கு?
– வாசகர், மதுரவாயல்

பதில்: தண்டனை கோரும் வழக்கில் அது நேரடிச் சாட்சியமாகாது. 1974ஆம் ஆண்டின் நீர்மாசு தடுப்புச் சட்டம், 21ஆவது பிரிவில் அதற்கென ஒரு முறையை வகுத்திருக்கிறது. வாரியத்தின் அதிகாரி, நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை முத்திரையிட்டுக் கையொப்பம் பெற்று ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அந்த முடிவு சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அந்த அதிகாரி எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் குழாயின் வாயில் புட்டியை நீட்ட வேண்டும் என்பதை உங்கள் குறிப்பேடு சொல்லும். 'கழிவு கலக்கிறது' என்று எழுதும் புகாருக்கும், 'வெள்ளிக்கிழமைகளில் இரவு பதினொன்று முதல் ஒன்றுவரை, இன்ன பாலத்துக்குக் கிழக்கே இரண்டாவது குழாயில் மின்கடத்துதிறன் நான்கு மடங்காகிறது. இந்தப் பத்து வாரத்து எண்களைப் பாருங்கள்' என்று எழுதும் புகாருக்கும் உள்ள வேறுபாட்டை அலுவலகங்களும் உணரும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. மனுவில் முகாந்திரம் இருப்பதாகக் கண்டால், பல துறைகளின் கூட்டுக்குழுவை அனுப்பி ஆய்வு செய்யச் சொல்வது அதன் வழக்கம். பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்ற காலவரம்பை மறந்துவிடாதீர்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள அளவீட்டு நிலையத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதாந்திர எண்களைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் எண்களும் அவர்களுடைய எண்களும் ஒத்துப்போகும் நாள்கள்தான் உங்களுக்குப் பலம்.

கேள்வி: அளந்தவற்றைக் கைப்பேசிக் குழுவில் போட்டுவருகிறோம். அது போதுமா? யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?
– வாசகி, அரும்பாக்கம்

பதில்: கைப்பேசிக் குழுவில் போட்டது அடுத்த வாரம் தேடினால் கிடைக்காது. தைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று வையுங்கள். தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும். தேதி, நேரம், இடம், அளந்தவர் பெயர், கடைசியாக மழை பெய்த நாள், திட்டக் கரைசலில் மீட்டர் காட்டிய எண், பிறகு அளவீடுகள் என்று பேனாவால் எழுதுங்கள். தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு கிழித்துப் பக்கத்தில் திருத்தி எழுதுங்கள், அழிக்க வேண்டாம். நல்ல எண் வந்த நாள்களையும் கட்டாயம் எழுத வேண்டும். மோசமான நாள்களை மட்டும் எழுதிய நோட்டை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு பேர் தனித்தனியாகச் சேமித்துவையுங்கள்.

அடைப்பு, கசிவு, சட்டவிரோத இணைப்பு போன்றவற்றை மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவுசெய்து, கிடைக்கும் புகார் எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள். கழிவுநீர் தொடர்பானவற்றுக்குக் குடிநீர் வாரியம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் குறைகேட்புக் கூட்டம் நடத்துகிறது. அந்தக் கூட்டத்துக்கு ஒருவராகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். நோட்டின் நகலையும், வாய்க்கால் சேருமிடத்துக்கு மேலும் கீழும் அளந்த எண்களைக் குறித்த ஒரு பக்க வரைபடத்தையும் பகுதிப் பொறியாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு, அவர் நேரில் வந்து பார்க்கும் தேதியை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் வரும் நாளில் அளக்கும் முறையை அவர் கண்முன்னே செய்துகாட்டி, அவரையும் ஒருமுறை வாளியை இறக்கச் சொல்லுங்கள்.